இருபத்து மூன்றாம் கேள்விக்குப் பதில்

காவல் நிலையத்து நீள பெஞ்சில் சிங்கராயர் இடது கையால் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பெல்ட் இல்லை. தொலைந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது. ஐந்து வாரமாகத் தொலைந்திருந்தது, இன்று காலை ஏழரை மணிக்கு அகப்பட்டது, எந்த அறையில் எந்த அலமாரியில் எதற்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது என்பதெல்லாம் இப்போது அவருக்குத் தெரியும், எடுத்து மாட்டிக்கொள்ள அரை நிமிடம் போதும், ஆனாலும் எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். ஏன் எடுக்கவில்லை என்ற இடத்துக்குப் போனதும் மனசு ஆணியில் மாட்டிய கைலிபோல நின்றது. மெல்ல விடுவித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். காணாமல் போனவர்களின் படங்கள், அவற்றுக்கு மேல் ஒரு கடிகாரம், பத்து ஐம்பது. மூன்று மணிக்குத் தாட்சாயணி மேடம் வீட்டுக்கு வருவார். குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வு. வளர்க்கக் கொடுத்த பிள்ளை எப்படி இருக்கிறாள், இனியும் அங்கேயே இருக்கலாமா என்று பார்த்து எழுதுவார். அதற்குள் இங்கே வேலையை முடிக்க வேண்டும். எந்த வேலை, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகிற வேலையா, வாங்காமல் போகிற வேலையா, அதை அவர் இன்னும் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. "துப்பாக்கி வீட்டு சாரா, உக்காருங்க, உக்காருங்க" என்று மேசைக்குப் பின்னாலிருந்து சொன்னார் சௌந்தரபாண்டி. நிலையத்தின் எழுத்து வேலை முழுவதும் அவர் தலையில்தான், ஊருக்கு அவர் பெயரே ரைட்டர். சத்தம் வாசலில் பூ விற்கிறவள்வரை போயிருக்கும். "ஸ்டோர் சாவி ஏட்டம்மாகிட்ட இருக்கு, கோர்ட்டுக்குப் போயிருக்கு, வந்துரும். எலெக்‌ஷன் முடிஞ்சு மூணு வாரமாச்சு, எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நாங்க என்ன லாட்ஜா நடத்துறோம்?"

லாட்ஜ் இல்லைதான். ஆனால் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து இங்கே படுக்கவைத்துவிட்டு ரசீது வாங்கிப் போக வேண்டும், ஓட்டு எண்ணி எல்லாம் அடங்கிய பிறகு வந்து எழுப்பிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறைபோலத் துப்பாக்கிக்குத் தேர்தல் விடுமுறை. அவருடையது அப்பா வாங்கிய ஒற்றைக்குழல். மலையில் நாலு ஏக்கர் ஆரஞ்சும் காப்பியும் இருந்த நாளில் பன்றிக்காக வாங்கியது. தோட்டத்தை விற்றுப் பத்தொன்பது வருடமாகிறது, பன்றிகள் தோட்டத்தோடு சேர்ந்து புது முதலாளியிடம் போய்விட்டன, துப்பாக்கி மட்டும் இவரோடு அடிவாரத்துக்கு இறங்கி வந்தது. உரிமத்தில் 'பயிர்ப் பாதுகாப்புக்காக' என்று இருக்கிறது, அவரிடம் இப்போதுள்ள பயிர் ஒரு கறிவேப்பிலை மரம். ஒரே ஒருமுறை சுட்டிருக்கிறார், இருபத்திரண்டு வயதில், பன்றியைப் பார்த்து. பலாப்பழம் விழுந்தது. பன்றி ஓடவில்லை, சற்று யோசித்துவிட்டு வந்து பழத்தைத் தின்ன ஆரம்பித்தது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கியைக் கையிலிருந்து வாங்கி, எண்ணெய் போட்டு, துணியால் துடைத்தார். அப்பா என்று நினைத்தால் இப்போதெல்லாம் முகம் வருவதில்லை, அந்த எண்ணெய் வாசனைதான் வருகிறது. அதற்காகவே மாதம் ஒரு சனிக்கிழமை எடுத்துத் துடைப்பார். துடைத்துவிட்டு விரலை முகர்ந்துகொள்வார், யாரும் பார்க்காதபோது. முப்பத்து நாலு வருடம் கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்கியவர் என்பதால் எதைப் பார்த்தாலும் அதற்குரிய பகுப்பு எண் முதலில் தோன்றும். துப்பாக்கிக்கு அறுநூற்று எண்பத்து மூன்று. பிள்ளை வளர்ப்புக்கு அறுநூற்று நாற்பத்தொன்பது. இரண்டும் ஒரே அறுநூறு வரிசை, ஒரே அலமாரி, நடுவில் வியாபாரக் கணக்கு கொஞ்சமும் சோப்பு தயாரிப்பு கொஞ்சமும். பணியில் இருந்தபோது அந்தப் பக்கத்து உறவை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று காலை ஏழரை மணிக்கு யோசிக்கும்படி ஆயிற்று. திரும்ப அங்கேயே வந்து நிற்கிறது பார், அந்த அலமாரியிலேயே.

மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, தாட்சாயணி மேடம் முதல்முறை வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தபோது துப்பாக்கி இங்கே வந்து மூன்று நாளாகியிருந்தது. முப்பது வயதிருக்கும், கைப்பையில் எப்போதும் ஒரு பாக்கெட் ரொட்டி வைத்திருக்கிற அம்மாள். ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி வாசித்தார். வருமானம், கழிப்பறை, குடிதண்ணீர், நாய் உண்டா, கிணற்றுக்கு மூடி உண்டா. இருபத்து மூன்றாவதாக, வீட்டில் ஆயுதம் ஏதும் உள்ளதா, இருந்தால் விவரத்தைத் தனித்தாளில் எழுதவும், அந்தத் தாள் உறையிலிட்டு ஒட்டப்படும், குழந்தையின் உறவினருக்கோ பள்ளிக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ தெரிவிக்கப்பட மாட்டாது. அந்த உறை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆயுளெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம் என்று திறந்துவைத்தே பழகியவருக்கு, ஒட்டி மூடுகிற ஒரு காகிதம் என்பது எவ்வளவு நாகரிகமாகத் தோன்றியது. மேடமும் விளக்கினார். "ஏன் உறைன்னா சார், இந்தப் பிள்ளைக்கு மாமன் ஒருத்தன் இருக்கான். எந்த வீட்ல என்ன இருக்குன்னு அவன் காதுல விழக் கூடாது." அப்படியென்றால் உண்மையைத் தாளில் எழுதி உறையில் போட்டிருக்கலாமே, வழி அவ்வளவு அழகாகத் திறந்திருந்ததே. ஆனால் உண்டு என்று சொன்னால் பிள்ளையைக் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று ஒரு பயம், மனைவி அமலோற்பவம் அதற்குள் ஒரு குட்டித் தலையணைக்கு உறை தைத்து முடித்திருந்தாள், அது கட்டில்மேல் இருந்தது, கதவிடுக்கில் தெரிந்தது. சிங்கராயர் சட்டைப் பையில் இருந்த காவல் நிலைய ரசீதைத் தொட்டுக்கொண்டு, "இல்லை" என்றார். இல்லைதானே. அன்று அந்த வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை. மேடம் போன பிறகு அமலோற்பவம் கேட்டாள், "மூணு நாள் முந்தி கொண்டுபோய் வெச்சதைச் சொல்லலையே நீங்க." "அதைக் கேக்கலையே" என்றார். "பாவசங்கீர்த்தனத்துலயும் சாமியார் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்வீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தலையணையைத் தட்டிப் போடப் போய்விட்டாள். சாமியார் உண்மையில் அதிகம் கேட்பதில்லை.

அடுத்த வாரம் பிள்ளை வந்தாள். ஏழு வயது, பெயர் இலக்கியா. அம்மாக்காரி நெஞ்சுச் சளிக்கு நீண்ட வைத்தியத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒன்றரை வருடம் மாமன் வீட்டில் இருந்தவள். கோப்பில் மாமன் வீட்டைப்பற்றி ஒரே ஒரு வரி, 'கையில் கிடைத்த பொருட்களால் தாக்கப்பட்டுள்ளார்'. அதைப் படித்தபோது அவருக்கு என்ன தோன்றியது என்பதை நினைத்தால் இப்போது பெஞ்சில் உட்காரவே கூசுகிறது. வரி பொத்தாம்பொதுவாக இருக்கிறதே, எந்தெந்தப் பொருள் என்று பட்டியல் இருக்க வேண்டாமா என்றுதான் தோன்றியது. நூலகப் புத்தி. வந்த அன்றைக்கு அவள் யாரிடமும் பேசவில்லை. பையைக்கூட இறக்கிவைக்காமல் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், அடுப்படியில் சுவரில் தொங்குகிற கரண்டிகளை நின்று பார்த்தாள், கொடியில் தொங்கிய அவருடைய பேன்ட்டை, மேசைமேல் இருந்த மர ஸ்கேலை. துருதுருப்பான பிள்ளை என்று அமலோற்பவம் சந்தோஷப்பட்டாள். பெரியப்பா பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள், இவரை ஒன்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு எட்டு தள்ளி வந்து நிற்பாள், இவராகப் பார்க்கும்வரை நிற்பாள். இரண்டு எட்டு. ஒரு கை நீட்டினால் எட்டாத தூரம் என்று அளந்து பார்த்ததுபோல. அதையும் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வீட்டில் பொருட்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் பெல்ட். பிறகு பூரிக்கட்டை; அடுத்த வீட்டு ரீத்தா வாங்கிப்போனவள் தரவில்லை என்று அமலோற்பவம் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு இரும்புத் தோசைத்திருப்பி, மர ஸ்கேல், அவருடைய வளைந்த பிடிக் குடை. கடைசியாக அமலோற்பவத்தின் ரப்பர் செருப்பில் ஒன்று, அதற்குத் தெருநாய்மேல் பழி. போன ஞாயிறு கோயிலிலிருந்து வரும்போது அவள் நடுரோட்டில் நின்று, "ஏங்க, எங்கம்மாவுக்குக் கடைசியில வந்துச்சே மறதி, அது எனக்கும் வந்துருச்சோ" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சீப்பை எங்கே வைத்தேன் என்று கேட்பதுபோலக் கேட்டாள். அவர் அவள் கையிலிருந்த பூசைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார், அது கனமா என்ன.

ஊதாச் சட்டை போட்ட ஒருவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து நின்று, மேலதிகாரி இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போனார். பதினொன்று இருபது. இன்று காலை என்னவென்றால், துப்பாக்கி வரப்போகிறதே, அலமாரியைத் துடைத்து வைப்போம் என்று போனார். சின்ன அறையின் மூலையில் நிற்கிற ஒடுக்கமான இரும்பு அலமாரி, ஆள் உயரம், அப்பா பட்டறையில் சொல்லிச் செய்தது. காலியாகக் கிடக்கிறதே என்று மார்ச்சில் சாவியைக் கதவிலேயே விட்டிருந்தார். சாவி இல்லை. கதவு பூட்டியிருந்தது. காலி அலமாரியை யார் பூட்டுவார்கள் என்று எரிச்சலோடு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டாவது சாவியைத் தேடி எடுத்துத் திறந்தார். உள்ளே துப்பாக்கி சாய்ந்து நிற்கிற இடத்தில் குடை நின்றது. அதற்குப் பக்கத்தில் மர ஸ்கேல், அடுத்துத் தோசைத்திருப்பி, அடுத்துப் பூரிக்கட்டை, அடுத்து ஒற்றைச் செருப்பு குதிகாலில் நிறுத்தி, கடைசியில் சுருட்டிய பெல்ட். உயர வரிசை. அவர் முதலில் பார்த்தது அதைத்தான், அடுக்கு பிசகாமல் இருப்பதை, முதுகுகள் ஒரே கோட்டில் இருப்பதை. நல்ல கை என்றுதான் நினைத்தார், ஒரு விநாடி. பிறகுதான் அந்த வரி வந்தது. கையில் கிடைத்த பொருட்களால். மூன்று மாதத்துக்கு முன் அவர் கேட்ட பட்டியல் இதோ இருக்கிறது, எழுத்தில்லாமல், கேட்டவருக்கே கொண்டுவந்து கொடுத்ததுபோல. எது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வந்த அன்று துருதுருவென்று சுற்றியது இதற்குத்தான். இந்த வீட்டில் இருக்கிற ஆயுதங்களை அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக இறங்கி வரச் செய்து, பூட்டி வைத்துவிட்டாள். யாரையும் கோபித்துக்கொள்ளாமல், யாரிடமும் சொல்லாமல். அவர் பெல்ட்டைக் கையில் எடுத்தார். இருபது வருடத்துப் பெல்ட், பக்கிள் தேய்ந்தது, இது இடுப்பைத் தவிர எதையும் தொட்டதில்லை, ஆனால் அது பெல்ட்டுக்கு எப்படித் தெரியும், அவளுக்குத்தான் எப்படித் தெரியும். எப்படிச் சுருண்டிருந்ததோ அப்படியே சுருட்டி, பக்கிள் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு நிமிடம் தடுமாறி, வெளிப்பக்கம் என்று முடிவுசெய்து வைத்தார். உள்பக்கமாக இருந்திருக்குமோ. அப்படி இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், யாரோ திறந்தார்கள் என்று. பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கமா, உள்பக்கமா.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து வந்தாள். பெயர் ஒச்சம்மா, இரண்டு ஆடு காணவில்லை என்று எழுதிக்கொடுக்க வந்தவள், காத்திருக்கும் நேரத்தில் ஆடுகளின் குணநலன்களை எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். "லைப்ரரி சார்தான நீங்க. வீட்ல ஒரு பொம்பளப்புள்ளைய எடுத்து வளக்குறீங்களாமே." அவர் தலையசைத்தார். உறை, ஒட்டு, ரகசியம், அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. இந்த ஊர் நூலக அட்டைகள் அடுக்கிய ஒரு திறந்த இழுப்பறை. எந்த அட்டையை இழுத்தாலும் இன்னொன்றைப் பார்க்க என்று குறிப்பு இருக்கும். "எம் பேத்தி அவகூடத்தான் ரெண்டாப்பு படிக்குது" என்றாள் ஒச்சம்மா. "சும்மாருக்காம இதுக என்னா செஞ்சுச்சுக தெரியுமா, 'துப்பாக்கி வீட்டுப் பொண்ணு, துப்பாக்கி வீட்டுப் பொண்ணு'ன்னு கூப்பிட்டுச்சுகளாம். உங்க புள்ள சண்டைக்கு வந்துருச்சாம்ல." "அவ சண்டையெல்லாம் போட மாட்டாளே" என்றார். "போட்டிருக்கே. 'எங்க வீட்ல துப்பாக்கி கிடையாது, நான் எல்லாம் பாத்துட்டேன்'னு எம் பேத்தி சடையப் பிடிச்சு இழுத்துருச்சு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல சார், எம் பேத்தியே நாலு சடைய இழுத்த கழுத." எங்க வீட்ல. சிங்கராயர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு தள்ளி நிற்கிறவள், அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள், வெளியே போய் எங்க வீடு என்று சொல்லியிருக்கிறாள், சொன்னதோடு நில்லாமல் அதற்காக ஒரு சடையையும் இழுத்திருக்கிறாள். நான் எல்லாம் பாத்துட்டேன். பார்த்துத்தான் சொன்னாள், அவர் ரசீதைத் தொட்டுக்கொண்டு சொன்னதுபோல அல்ல. துப்பாக்கி இன்று மதியம் வீட்டுக்குப் போனால் அவர் பொய்யர் ஆவது கிடக்கட்டும், அதை அவர் மார்ச்சிலேயே ஆகிவிட்டார், மூன்று மாதம் தவணையில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதைவிட, அதைவிட, எங்கே வைப்பது. அந்த ஆறு பொருட்களையும் வெளியே எடுத்தால்தான் துப்பாக்கிக்கு இடம். எடுத்து எங்கே மாட்டுவது, மறுபடி சுவரிலா, கொடியிலா. அப்புறம் சாவி. முதல் சாவி அவளிடம்தான் இருக்கிறது. அமலோற்பவம் அவள் கழுத்தில் அந்தோணியார் பதக்கம் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டிருக்கிறாள், குளிக்கும்போதும் பிள்ளை அதை அவிழ்க்க விடமாட்டேனென்கிறாள், எவ்வளவு பக்தி பாருங்கள் என்று அமலோற்பவம் பூரித்துப்போனாள். ஓடும்போது கழுத்தில் ஏதோ மெல்லக் கிணுகிணுக்கும். ஒரு பதக்கம் தனியாகக் கிணுகிணுக்காது. மடையா, ஒரு பதக்கம் எப்படித் தனியாகக் கிணுகிணுக்கும். துப்பாக்கி அந்த அலமாரிக்குள் இருந்திருந்தால், சனிக்கிழமை துடைத்துவிட்டு வழக்கம்போல வைத்திருந்தால், ஏழு வயதுப் பிள்ளை கழுத்தில் அதன் சாவி தொங்கியிருக்கும். நடக்கவில்லை. நடக்கவில்லை என்பது அவர் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, தேர்தல் வந்ததால். தேர்தல் வராத வருடமாக இருந்தால். விட்டுவிடு. விடவில்லை, அந்தக் கிணுகிணுப்பு காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, முற்றத்தில் அவள் ஓடுகிற மாதிரி, ஓடி ஓடித் திரும்பி வருகிற மாதிரி.

ஏட்டம்மா வந்தார், ஸ்டோரைத் திறந்தார், சாக்குத் துணியில் சுற்றியதை எடுத்து வந்து ரைட்டர் மேசையில் வைத்தார். துணியைப் பிரித்ததும் எண்ணெய் வாசனை. மூன்று மாதம் தூசியில் கிடந்தும் போகாத வாசனை. சிங்கராயர் எழுந்தார், பேன்ட் இறங்கப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். "நம்பர் சரிபார்த்துக்கங்க, ஒற்றைக்குழல் ஒண்ணு, தோட்டா அஞ்சு, கையெழுத்துப் போடுங்க" என்று ரைட்டர் பதிவேட்டைத் திருப்பினார். அவர் பேனாவை எடுக்காமல் நின்றார். "பாண்டி, இதைத் திரும்ப வாங்காம இருக்கணும்னா என்ன செய்யணும்?" ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்காமன்னா?" "உரிமத்தையே ஒப்படைச்சுர்றது." "சார், அதை அப்பவே சொல்லியிருந்தா நான் சாக்கையே பிரிச்சிருக்க மாட்டேன்ல. கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்க, ஒரு நகல் இங்க குடுங்க, ஆர்டர் வர்ற வரைக்கும் நம்ம கஸ்டடியில இருக்கும்." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், ஊர் சரித்திரத்தில் முதல்முறையாக. "அப்பா சாமான்ல சார். நல்லா யோசிச்சுக்கங்க. போனா வராது." சிங்கராயர் யோசித்தார். குழலை ஒருமுறை தொட்டார், விரலை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பலாப்பழத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இப்படித்தான் வாங்கினார், இரண்டு கையாலும். மனு எழுதக் காகிதம் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அழகான கையெழுத்து, இடது ஓரம் ஒரு அங்குலம் விட்டு. எழுதி முடித்ததும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. துப்பாக்கி போனால் மார்ச்சில் சொன்ன 'இல்லை' உண்மையாகிவிடும், மேடத்துக்கு ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடலாம், மூன்று மணிக்கு டீ கொடுத்து அனுப்பலாம். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இதோ இந்தப் பதில் வழவழவென்று கையில் கிடக்கிறது, கையில் கிடைத்த பொருள்.

போனை எடுத்துத் தாட்சாயணி மேடத்தைக் கூப்பிட்டார். நின்றுகொண்டே பேசினார், இடது கையில் இடுப்பு, வலது கையில் போன். மார்ச் பத்தொன்பது என்று தேதியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். "சார், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் மேடம். "போட்டிருக்கேன்." "நான் இதை எழுதாம இருக்க முடியாது. குழந்தை நலக் குழுவுல கேப்பாங்க. ஏன் மறைச்சீங்கன்னு உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க." "வர்றேன். பிள்ளையை…" என்று தொடங்கியவருக்கு வாக்கியம் முடியவில்லை, ஆயுளெல்லாம் இலக்கணப் பிழையில்லாமல் பேசியவருக்கு. "பிள்ளையை என்ன செய்வாங்கன்னு நான் இப்பச் சொல்ல முடியாது சார். நீங்களாச் சொன்னீங்கன்னு நான் சொல்வேன். ஒப்படைச்ச காகிதத்தை வெச்சிருங்க, அதையும் சேர்க்கிறேன்." காகிதம் புரளும் சத்தம். "இன்னைக்குப் புதுப் படிவம் போட்டுருவோம். இருபத்து மூணுக்கு இப்போ இல்லைன்னு எழுதிரலாம், அப்படித்தானே?" ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தார். பிறகு குடை நின்றது, ஸ்கேல் நின்றது, செருப்பு குதிகாலில் நின்றது. "உண்டுன்னு எழுதுங்க மேடம்." "சார், இப்பத்தானே ஒப்படைச்சேன்னீங்க." "அது போயிருச்சு. வேற ஆறு இருக்கு. எல்லாம் ஒரே அலமாரியில, பூட்டித்தான் இருக்கு. பூட்டினது நான் இல்லை." ரைட்டரும் ஒச்சம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னென்னன்னு தனித்தாள்லயும் எழுத மாட்டேன். அது என் விவரம் இல்லை. எங்கிட்ட இருக்கிற ரெண்டாவது சாவியை மட்டும் தர்றேன், அதை உறையில போட்டு ஒட்டிருங்க." மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. மேடம் பேசியபோது அலுவலகக் குரல் இல்லை. "மாமன் வீட்டு அறிக்கையை எழுதினவ நான்தான் சார். கையில் கிடைத்த பொருள்னு எழுதினேன். என்னென்னன்னு எவ்வளவோ கேட்டேன், அவ வாயே திறக்கலை." "இப்பவும் திறக்கலை" என்றார் சிங்கராயர். "அடுக்கி வெச்சிருக்கா." "எப்படி?" "உயர வரிசையில." மேடம் ஒரு மூச்சு விட்டார். "நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருவால்ல. இருந்து பாத்துட்டுத்தான் போவேன். உறை நான் கொண்டு வர்றேன்."

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ரைட்டர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார், சாக்கைத் திரும்பச் சுற்றினார். வாசனை நின்றுபோயிற்று, அடுப்படியில் யாரோ மூடியை எடுத்து மூடினதுபோல. பன்னிரண்டு ஐந்து. அமலோற்பவத்துக்குப் போன் பண்ணி, உனக்கு மறதியெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும்; எப்படித் தெரியும் என்று கேட்பாள், நூலகனுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்; ரீத்தாவிடம் பேசு என்றும் சொல்ல வேண்டும்; புதுப் பூரிக்கட்டை வாங்க வேண்டாம் என்றும். வாங்கினால் அதுவும் ஒருநாள் போய் அந்த வரிசையில் நின்றுவிடும், நிற்கட்டும், ஆனால் என்றைக்காவது ஒருநாள் அவளாகவே திறந்து ஒன்றை எடுத்து வந்து அடுப்படியில் திரும்ப வைத்தால், எதை முதலில் வைப்பாள். தோசைத்திருப்பியாக இருக்கலாம். தோசை அவளுக்குப் பிடிக்கும். பெல்ட் கடைசியாகத்தான் வரும், வராமலும் போகலாம், பக்கிள் மட்டும் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போது பேன்ட் நழுவியது. ஒச்சம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், முதல்ல ஒரு பெல்ட் வாங்கிப் போடுங்க" என்று உள்ளேயிருந்து ரைட்டர் சத்தம் போட்டார், வாசலில் பூ விற்கிறவள்வரை கேட்கும்படி. சிங்கராயர் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கு பாண்டி" என்றார். "வீட்ல பத்திரமா இருக்கு."